அருவியா, வண்ணத்துப்பூச்சிக் கூடமா, கேணியா? யாழ்ப்பாணத்துப் பூங்கா ஒன்றுக்கு எது பொருந்தும்

யாழ்ப்பாண நகருக்கு வெளியே, வலிகாமத்துச் செம்மண் நிலத்தில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது. ராட்டினம், நீர்ச்சறுக்கு, பிள்ளைகளுக்கான சிறிய ரயில் என்று எல்லா இடத்திலும் இருப்பவைதான் அங்கும் இருக்கின்றன. ஆனால் நடத்துபவர்கள் தொடக்கத்திலேயே ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பழைய யாழ்ப்பாணம் என்ற ஒரே கருவைப் பிடித்துக்கொண்டு முழுப் பூங்காவையும் அமைத்தார்கள். நுழைவாயில் ஓலை வேய்ந்த சங்கடப்படலை. டிக்கெட் கொடுக்கும் இடம் நாற்சார் வீட்டின் திண்ணை. ரயில் யாழ்தேவியின் சாயலில் ஓடுகிறது. 1956இல் ஓடத் தொடங்கி, 1990இல் நின்று, 2014இல் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்த அந்த வண்டியின் கதை ரயில் ஏறும் மேடையில் படங்களாகத் தொங்குகிறது. பேரப்பிள்ளைகளை அழைத்து வரும் அம்மம்மாக்கள் அந்தப் படங்களின் முன்னால் நின்று விளக்கம் சொல்வதை எந்த விடுமுறை நாளிலும் பார்க்கலாம்.

இப்போது பூங்காவின் பின்பக்கத்தில் எட்டுப் பரப்பு நிலம், அதாவது அரை ஏக்கர், வெறுமையாகக் கிடக்கிறது. அதில் இயற்கையை மையமாகக் கொண்ட ஒரு புதிய பகுதி அமைக்க விரும்புகிறார்கள். மூன்று யோசனைகள் மேசையில் இருக்கின்றன. ஆறு மீற்றர் உயரச் சீமெந்துப் பாறையிலிருந்து தண்ணீர் கொட்டும் செயற்கை அருவியும் அதைச் சுற்றி ஒரு மழைக்காடும் முதலாவது. வலை போட்டு மூடிய வண்ணத்துப்பூச்சிக் கூடம் இரண்டாவது. படிகள் இறங்கும் கேணி, துலாக் கிணறு, ஆவுரோஞ்சிக் கல், சுமைதாங்கி, சிறிய மடம், கிளுவை வேலி, தோட்டப் பாத்திகள் எல்லாம் சேர்ந்த ஒரு வளவு மூன்றாவது. ஊரில் சிலரிடம் கருத்துக் கேட்டார்கள், என்னிடமும் கேட்டார்கள். அவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன். என் தெரிவு கேணி. ஆனால் அருவியின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் இந்த ஒப்பீட்டுக்குப் பயனில்லை.

பொருத்தம் என்றால் எதனோடு?

மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் அருவி எதற்கு என்று கேட்டு முதல் யோசனையை ஒரே வரியில் ஒதுக்குகிறவர்கள் பலர். அந்த வாதம் எனக்குப் போதாது. தீம் பார்க் என்ற பெயரில் உலகில் புகழ்பெற்ற இடங்கள் பலவும் தங்கள் மண்ணில் இல்லாததைக் கொண்டுவந்து வைத்தவைதான். 1955இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்டது தோடம்பழத் தோட்டங்கள் இருந்த நிலத்தில். அங்கே முதல் நாளிலிருந்தே ஆபிரிக்க, ஆசியக் காடுகளுக்குள் படகில் போவதுபோன்ற ஒரு பயணம் இருந்தது. உயிருள்ள மிருகங்களை விடத்தான் முதலில் நினைத்தார்கள். அவை பகலில் உறங்கும், ஒளிந்துகொள்ளும் என்று தெரிந்ததும் இயந்திர மிருகங்களைச் செய்தார்கள். தோட்டத்திலிருந்து பிடுங்கிய தோடை மரங்கள் சிலவற்றைத் தலைகீழாக நட்டு, முறுக்கிய வேர்களைக் காட்டு மரங்களின் கிளைகளாகக் காட்டினார்கள். முழுக்க முழுக்கச் செயற்கை. ஆனாலும் அந்த இடத்துக்கு அது பொருந்தியது. அந்தப் பூங்காவின் வாசலே, நீ இப்போது எங்கோ தூர தேசத்துக்குப் போகிறாய் என்றுதான் சொன்னது.

சிங்கப்பூரிலும் அப்படித்தான். கடல்மட்டத்தோடு கிடக்கும், கொதிக்கும் நிலத்தில், 2012இல் திறக்கப்பட்ட வளைகுடாப் பூந்தோட்டத்தில், கண்ணாடிக் கூரைக்குள் ஒரு குளிர்ந்த மலைக்காட்டை உருவாக்கி, சுமார் 35 மீற்றர் உயரத்திலிருந்து அருவியை விழவைத்திருக்கிறார்கள். நம்மவர்களில் எத்தனையோ பேர் அதைப் பார்த்து வியந்து வந்திருக்கிறார்கள். உலகின் தாவரங்களை ஓரிடத்தில் காட்டுவதுதான் அந்தத் தோட்டத்தின் நோக்கம். ஆகவே அங்கே அருவி அந்நியமாகத் தெரிவதில்லை.

இதற்கு மறுபுறமான ஒரு விவாதம் புளோரிடாவில் நடந்தது. 1982இல் திறக்கப்பட்ட எப்கொட் பூங்கா அறிவியலையும் உலக நாடுகளையும் கருவாகக் கொண்டது. அங்கே 2023 ஒக்டோபரில் ஒரு நீர்ப்பாதையைத் திறந்தார்கள். மழையாக விழுந்து, ஓடையாக ஓடி, கடலைச் சேர்ந்து, மீண்டும் ஆவியாகும் நீரின் சுழற்சியை நடந்துகொண்டே பார்க்கலாம். கையை நீட்டினால் தண்ணீர் எழும்பும், நகரும். இதை டிஸ்னியின் ஒரு சித்திரப் படத்தோடு இணைத்திருந்ததால், அறிவியல் பூங்காவுக்குள் கதைப் பாத்திரம் ஏன் என்று பழைய ரசிகர்கள் கேட்டார்கள். நீரின் கதை அந்தப் பூங்காவின் நோக்கத்தோடு ஒட்டுகிறது என்றார்கள் மற்றவர்கள். ஏறத்தாழ இதே சர்ச்சை, 1998இல் திறக்கப்பட்ட அனிமல் கிங்டம் பூங்காவிலும் 2017இல் வந்தது. உண்மையான விலங்குகளுக்கான இடத்தில், திரைப்படத்தில் மட்டும் இருக்கும் ஒரு கற்பனைக் கோளத்தின் காடு எதற்கு என்பது கேள்வி. மிதக்கும் மலைகளும் ஒளிரும் செடிகளும் கற்பனைதான். ஆனால் காட்டை மதிக்கவேண்டும் என்ற பேச்சு பூங்காவின் மற்றப் பகுதிகளோடு ஒத்துப்போனது. முதலில் முணுமுணுத்தவர்களில் பலர் பிறகு மனம் மாறினார்கள்.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: அந்த மண்ணில் அந்தப் பொருள் இருந்ததா என்பது முதல் கேள்வியல்ல. வாசல் எதைச் சொல்லி ஆளை உள்ளே அழைக்கிறதோ, அந்தப் பேச்சைப் புதிய பகுதி தொடர்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அதைத் தாங்க நிலத்தாலும் நீராலும் நடத்துபவர்களாலும் முடியுமா என்பது அடுத்தது.

அருவியின் பக்கம்

முதலில் அருவிக்காக வாதாடுகிறேன். நல்லூர்த் திருவிழாக் காலமான ஆடி, ஆவணி மாதங்களில்தான் பூங்காவுக்குக் கூட்டம் அதிகம். பாடசாலை விடுமுறையும், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களும் சேர்ந்துகொள்வார்கள். அந்த மாதங்களில் வெயில் உடலைப் பொசுக்குகிறது. சோளகக் காற்று செம்மண் புழுதியை வாரி இறைக்கிறது. அந்த நேரத்தில் தண்ணீர் கொட்டும் ஓசையும், முகத்தில் தெறிக்கும் சாரலும் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாடு இது. இருக்கும் ஒரே ஆறான வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடி அராலியில் கடலேரியைச் சேர்ந்துவிடும். மேலிருந்து தண்ணீர் விழுவதைப் பார்க்கவேண்டுமென்றால் நமது பிள்ளைகள் மலைநாட்டுக்குத்தான் போகவேண்டும். 263 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பம்பரகந்தையைப் பார்க்க பஸ் பிடித்துப் போக எல்லாக் குடும்பங்களாலும் முடியாது. அந்தப் பிள்ளைகளுக்கு ஊரிலேயே ஓர் அருவியைக் காட்டவேண்டும் என்ற எண்ணத்தில் அன்பு இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன்.

தண்ணீர் வீணாகும் என்று ஒரு குற்றச்சாட்டு அருவியின்மேல் உடனே விழும். கணக்குப் பார்த்தால் அது அவ்வளவு வலுவானது அல்ல. அருவித் தண்ணீர் சுழன்று சுழன்று வருவது. 200 சதுர மீற்றர் தடாகத்திலிருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால் இழப்பு 1,000 லீற்றர். காற்று அள்ளிச் செல்லும் சாரலையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயத்துக்கு ஒரு நாள் இறைக்கும் நீரோடு வைத்துப் பார்த்தால் இது பெரிய அளவல்ல.

மின்சாரக் கணக்கு அப்படியல்ல. பார்க்க நிறைவாக, ஐந்து மீற்றர் அகலத்தில் தண்ணீர் திரையாக விழவேண்டுமென்றால் நொடிக்கு 100 லீற்றராவது வேண்டும். அதை ஆறு மீற்றர் உயர்த்த ஏறத்தாழ 6 கிலோவாட். இயந்திர இழப்பையும் சேர்த்தால் 10 கிலோவாட்டை நெருங்கும். எட்டு மணிநேரம் ஓடினால் நாளுக்கு 80 அலகு, மாதத்துக்கு 2,400 அலகு. 2022 மார்ச் மாத இறுதியில் நாடு நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டைக் கண்டது. அப்படிப்பட்ட ஒரு காலம் திரும்பினால், தண்ணீர் விழாத சீமெந்துப் பாறை என்ன காட்சி தரும்?

எனக்கு இன்னும் பெரிய கவலை நமது தண்ணீரின் தன்மை பற்றியது. வலிகாமத்துக் கிணற்றுநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் கிடந்து வருவது. எந்தக் குசினியிலும் கேத்தலைத் திறந்து உள்ளே பார்த்தால் தெரியும், அடியிலும் சுவரிலும் வெள்ளைப் படை தட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் ஓடு ஓடாகக் கழரும். அதே தண்ணீரை நாள் முழுவதும் வெயிலில் கொட்டி ஆவியாக்கிக்கொண்டிருந்தால், சுண்ணாம்பு செறிந்து, கறுப்புச் சாயம் பூசிய பாறைகளின்மேல் வெள்ளைக் கோடுகளாகப் படியும். மூடுபனி வரவைக்கும் குழாய்களின் துளைகள் மயிரிழை அளவானவை. அவை அடைபடும், அமிலம் விட்டுக் கழுவவேண்டும். பாசி பிடிக்கும்; அதற்கு மருந்து போடவேண்டும். கழுவிய நீர் எங்கே போகும்? நமது நிலத்தில் மண்படை மெல்லியது. அதன் கீழே வெடிப்பும் குகையுமாகச் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது அதிகம் வடிகட்டப்படாமலே அடுத்த வளவுக் கிணற்றை எட்டிவிடும். ஏற்கெனவே உரத்தாலும் மலக்குழிகளாலும் நமது கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடிப்போயிருக்கிறது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த காலத்தில் மக்கள் குடிநீருக்குப் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. பொழுதுபோக்குக்காக இன்னொரு சுமையை அந்த நீரின்மேல் ஏற்றுவதை என்னால் ஏற்கமுடியவில்லை.

இவையெல்லாவற்றையும் பணத்தாலும் பொறியியலாலும் சரிசெய்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பொருத்தம் என்ற கேள்வி நிற்கிறது. சங்கடப்படலையால் நுழைந்து, திண்ணையில் டிக்கெட் வாங்கி, யாழ்தேவியில் ஏறிப் போகும் பிள்ளை, வளைவு திரும்பியதும் பைபர் கிளாஸ் சிறுத்தையின் முன்னால் இறங்கும். அதுவரை கேட்டுவந்த கதை அந்த இடத்தில் அறுந்துவிடும். சிங்கராஜக் காடு 1988இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட பெருஞ்செல்வம். அதைப் பற்றிப் பிள்ளைகள் அறியத்தான் வேண்டும். ஆனால் அதன் சீமெந்து நகலைப் பழைய யாழ்ப்பாணத்தின் பின்வளவில் வைத்தால், காடும் விளங்காது, யாழ்ப்பாணமும் கலைந்துவிடும்.

வண்ணத்துப்பூச்சிக் கூடம்

இந்த யோசனையில் பாதி மிக நல்லது, பாதியை விட்டுவிடவேண்டும்.

விடவேண்டிய பாதி, கூடம். சித்திரை, வைகாசியில் வலைக்குள்ளும் வெப்பம் தேங்கும். பூச்சிகள் சோர்ந்து வலையின் மூலைகளில் ஒட்டிக்கிடக்கும். தொடர்ந்து கூட்டுப்புழுக்களை வளர்த்து நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும். காட்டிலிருந்து பிடிப்பதற்கு 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கட்டுப்பாடுகள் உண்டு. அந்த வேலைக்குப் பயின்றவர்கள் வேண்டும். ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் வெறும் வலையும் வாடிய செடியும்தான் மிஞ்சும்.

வைத்துக்கொள்ளவேண்டிய பாதி, செடிகள். வண்ணத்துப்பூச்சியைப் பிடித்து வைக்கத் தேவையில்லை. முட்டையிடும் செடியை நட்டால் அது தானாக வரும். அந்தச் செடிகள் ஒவ்வொன்றும் பழைய யாழ்ப்பாணத்து வளவில் இருந்தவைதான். கறிவேப்பிலை, தேசி, எருக்கலை, ஆடுதின்னாப்பாளை. தேசி இலையைத் திருப்பிப் பாருங்கள். இளம் புழு பறவை எச்சம்போலக் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். கண்ணில் பட்டாலும் புழு என்று தோன்றாது. வளர்ந்ததும் இலையின் பச்சைக்கு மாறிவிடும். விரலால் மெதுவாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கவைபோன்ற ஒரு கொம்பை நீட்டும். கூடவே கடுமையான ஒரு வாசனை வரும். பகையை விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம் அது. எந்த இயந்திரக் காட்சியும் ஒரு ஏழு வயதுப் பிள்ளையை இப்படித் திடுக்கிட வைக்காது. எருக்கலை இலை தின்று வளரும் புழு அந்தப் பாலின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்கிறது. வண்ணத்துப்பூச்சியான பிறகும் பறவைகள் அதைத் தவிர்த்துவிடுகின்றன. ஆடுதின்னாப்பாளையைத் தேடி வரும் பூச்சி, கரிய சிறகும் சிவந்த உடலுமாகத் தூரத்திலிருந்தே தெரியும்.

இதிலும் ஒரு குறை உண்டு. மாரி முடிந்து தை, மாசியில் பூச்சிகள் நிறைய வரும். கூட்டம் வரும் ஆவணியில், காற்றும் வறட்சியுமாக, குறைவாகவே இருக்கும். ஆகவே இதை மட்டும் நம்பி ஒரு பகுதியை அமைத்து டிக்கெட் விற்கமுடியாது. இன்னொன்றோடு சேர்ந்து இருந்தால் பெரும் அழகு.

கேணி வளவு

நமது பழைய தெருக்களின் ஓரங்களில் இது முழுமையாக இருந்தது. தூரம் நடந்து வந்தவர் தலைச்சுமையை யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கிவைக்கச் சுமைதாங்கி. மாடுகள் வந்து நீர் குடித்து, உடலை உராய்ந்துகொள்ள ஆவுரோஞ்சிக் கல். மனிதர் இறங்கி முகம் கழுவக் கேணி. படுத்தெழும்ப மடம். மேலே ஆலோ வேம்போ நிழல் தரும். பருத்தித்துறையில் தெருவையே மூடி நிற்கும் தெருமூடி மடத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் பெருமை விளங்கும். வழிப்போக்கனுக்கும் மாட்டுக்கும் நிழலையும் நீரையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்த இந்த அமைப்பைவிட யாழ்ப்பாணத்துக்குரிய ஓர் இயற்கைப் பகுதி வேறு என்ன இருக்கமுடியும்? சங்கடப்படலையில் தொடங்கிய கதை இங்கே இயல்பாக வந்து சேர்கிறது.

அதற்கு எதிராக நான் கேட்ட வலுவான வார்த்தை ஒன்றுண்டு. எங்கள் வீட்டிலேயே கிணறு இருக்கிறது, அதைப் பார்க்க டிக்கெட் வாங்கவேண்டுமா என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. கேணியைக் கட்டிவைத்து, ஒரு பலகையில் விளக்கம் எழுதிவிட்டால் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். முதல் நாள் பார்க்கிற பிள்ளையிடம் அருவியா கேணியா என்று கேட்டால் அருவி என்றுதான் சொல்லும். அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆகவே கேணி வளவு பார்க்கும் இடமாக இல்லாமல் செய்யும் இடமாக இருந்தால் மட்டுமே நான் அதை ஆதரிக்கிறேன்.

இன்றைய வீட்டுக் கிணறு வலைபோட்டு மூடியது. மோட்டார் தண்ணீரைத் தாங்கிக்கு ஏற்றுகிறது. பிள்ளைக்குக் குழாய் மட்டும் தெரியும். துலாவை மிதித்து இறைப்பதைக் கண்ட தலைமுறை முதுமையில் இருக்கிறது. பூவரசு ஆடுகால்கள் இரண்டு, அவற்றின் மேல் நீண்ட துலா. துலாவின்மேல் ஒருவர் முன்னும் பின்னுமாக நடக்க, அவர் எடைக்கு அது தாழ்ந்தும் உயர்ந்தும் ஆட, கிணற்றடியில் நிற்பவர் நீர் அள்ளும் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் சரிப்பார். அந்த வேலை செய்த முதியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “தம்பி, மேலே நடக்கிறவன் அவசரப்பட்டால் கீழே நிற்கிறவனுடைய தோள் கழன்றுவிடும். இரண்டு பேருக்கும் ஒரே மூச்சு இருக்கவேண்டும்.” இதைப் பயின்ற ஊழியர்கள் குறித்த நேரங்களில் செய்து காட்டலாம். பிள்ளைகளுக்கு, தரையோடு ஒட்டிய ஒரு சிறிய துலாவும் ஆழமில்லாத தொட்டியும் போதும்.

பிள்ளைகள் அதிக நேரம் நிற்கப்போகும் இடம் வாய்க்கால்தான் என்று உறுதியாக நம்புகிறேன். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்ணை வெட்டி அடுத்த பாத்திக்குத் தண்ணீரை மாறிவிடும் வேலை ஒவ்வொரு தோட்டக்காரப் பிள்ளையும் செய்தது. சிறிய மண்வெட்டியும், சேறும், ஓடுகிற நீரும் கிடைத்தால் எந்த ஊர்ப் பிள்ளையும், ரொறன்ரோவிலிருந்து வந்த பிள்ளையும், அழைத்தாலும் வராது. எப்கொட்டில் கையசைத்தால் நகரும் நீருக்கு உணரிகளும் கணினியும் தேவைப்பட்டன. இங்கே செம்மண் போதும். கீரையும் கத்தரியும் மிளகாயும் அந்தப் பாத்திகளில் நிற்கட்டும். வேலியோரத்தில் நான் முன்னே சொன்ன தேசியும் எருக்கலையும் ஆடுதின்னாப்பாளையும் நிற்கட்டும்.

மடத்துக்குள் ஒரே ஒரு கண்ணாடித் தொட்டி வேண்டும். குடாநாட்டின் நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதை அதில் காட்டலாம். மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கீழே பரவிக் கிடக்கும் கடல்நீரின்மேல் மிதக்கிறது. நல்ல நீர் கடல்நீரைவிட எடை குறைந்தது என்பதால் அது மேலே நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல நீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நல்ல நீர் இருக்கும் என்பது நீரியலில் அறியப்பட்ட கணக்கு. மேலே ஓர் அடியை நாம் அளவுக்கு மீறி இறைத்துவிட்டால் கீழே உவர் எவ்வளவு ஏறும் என்பதை இதிலிருந்தே கணித்துக்கொள்ளலாம். தொட்டியில் சாயமிட்ட உப்புநீரின்மேல் நல்ல நீரை மெதுவாக விட்டு, பிள்ளை ஒரு கைப்பம்பை வேகமாக அடித்தால் சாயநீர் கூம்பாக மேலே எழும்புவதைக் கண்ணால் காணும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல நீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது ஏன் என்று பிறகு யாரும் விளக்கவேண்டியதில்லை.

கேணியைத் தோண்டுவதில் கவனம் வேண்டும். அருவிக்குச் சொன்ன குற்றம் இதற்கும் வரக்கூடாது. சனம் கூடும் இடத்தில் நிலத்தடி நீர்வரை திறந்த கேணியை வெட்டினால், எறியும் குப்பையும் கழுவும் அழுக்கும் நேரே கிணறுகளுக்குப் போகும். ஆகவே கேணியின் அடியை நீர் இறங்காதபடி கட்டி, மழைநீரால் மட்டும் நிரப்பவேண்டும். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். பூங்காவின் கட்டடங்களில் 500 சதுர மீற்றர் கூரை இருக்கிறது. ஐப்பசி முதல் மார்கழிவரை 700 மில்லிமீற்றர் பெய்தாலே மூன்றரை இலட்சம் லீற்றர். 12 மீற்றர் நீள அகலமும் இரண்டு மீற்றர் ஆழமும் கொண்ட கேணிக்கு அது தாராளம். மிஞ்சும் கூரைநீரை மணல் வடிகட்டி வழியாக நிலத்துக்குள் இறக்கினால் அயலவர் கிணறுகளுக்கும் நன்மை.

மார்கழியில் நிரம்பும் கேணி ஆவணிக்குள் ஒரு மீற்றர் இறங்கும்; ஐந்தாறு படிகள் வெளியே தெரியும். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பாதிக் கேணியைத்தான் பார்ப்பார்கள் என்று நிர்வாகத்தில் ஒருவர் வருந்தினார். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. படிகளின் ஓரத்தில் ஒவ்வொரு மாதத்தின் நீர்மட்டத்தையும் கல்லில் குறித்துவிட்டால், யாழ்ப்பாணத்தில் தண்ணீர் எப்படி வாழ்கிறது என்பதை அந்தப் படிகளே சொல்லும். ஆவணியில் வந்த பிள்ளை மாரியில் இந்த இடம் எப்படி இருக்கும் என்று கேட்கும். சாரலின் குளிர்ச்சி கேணியில் கிடைக்காது என்பது உண்மை. அதை நிழல் ஈடுசெய்யவேண்டும். ஒரு வேம்பும் ஒரு மருதும் நன்கு வளரும்வரை சில ஆண்டுகளுக்கு ஓலைப் பந்தல்தான் கைகொடுக்கும்.

பாதுகாப்பைப் பற்றிச் சமரசம் கிடையாது. நாலாவது படிக்குக் கீழே, மாரியில் நீருக்குள் மூழ்கியிருக்கும்படி, கேணி முழுவதற்கும் துருப்பிடிக்காத வலை. துலாக் கிணற்றுக்கு நெஞ்சளவு கட்டும் வலையும். மாரியில் டெங்கு பரவும் ஊர் இது. தேங்கிய நீரில் கப்பி மீன்கள் கட்டாயம். நீர்ச்சறுக்கின் குளோரின் கலந்த நீர் ஒரு துளிகூடக் கேணிக்கோ பாத்திக்கோ வரக்கூடாது.

வேறு இரண்டு யோசனைகளும் காதில் விழுந்தன. கூண்டில் மானும் மயிலும் வைப்பது ஒன்று. சட்டமும் இடம் தராது, அரை ஏக்கரில் அவற்றுக்கு வாழ்வும் இல்லை. கண்டல் மரங்களை நட்டு நடைபாதை போடுவது மற்றது. கண்டல் கடலேரியில் வாழ்வது, செம்மண்ணில் அல்ல. பிள்ளைகளை மண்டைதீவுப் பக்கமோ தொண்டைமானாற்றுப் பக்கமோ பஸ்ஸில் கூட்டிச் சென்று காட்டுவதே சரி.

எங்கே வைப்பது என்பதில் ஒரு சொல். எட்டுப் பரப்பின் வடக்கு மூலையில்தான் ராட்டினத்தின் இயந்திரமும் ஒலிபெருக்கியும் இருக்கின்றன. நெதர்லாந்தின் எப்டலிங் பூங்கா 1952இல் தன் தேவதைக் கதைகளைக் காட்டு மரங்களுக்கு நடுவே வைத்தது. மரங்கள் ஒன்றை மற்றொன்றிலிருந்து மறைப்பதால் ஒவ்வொரு கதையும் தனக்கென ஓர் உலகத்தைப் பெறுகிறது. இங்கே அந்த வேலையைக் கிளுவை வேலியும், அதற்கு வெளியே இரண்டு வரிசைப் பனையும் செய்யலாம். பனை வளர நம் ஆயுளில் பாதி வேண்டும். ஆகவே முதலில் பனையோலை வேலி, உள்ளே கிளுவை, இடையிடையே பனம் விதை. ரயில் பாதையை இந்த வளவைச் சுற்றி வளைத்து, மடத்தடியில் ஒரு சிறிய நிலையம் வைத்தால் பழைய பகுதியும் புதிய பகுதியும் ஒன்றாகிவிடும். ஒலிபெருக்கியின் முகத்தைத் தெற்கிலிருந்து திருப்பிவிடவேண்டும். அதற்குச் செலவே இல்லை.

அருவியை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. துலாவிலிருந்து பட்டைநீர் விழும் இடத்தை ஆளுயரத்துக்கு உயர்த்தி, பொளிந்த கற்களால் ஒரு தொட்டி கட்டினால், தண்ணீர் சலசலவென்று விழுந்து வாய்க்காலுக்கு ஓடும். பிள்ளைகள் கீழே கையை ஏந்தி நிற்கலாம். மோட்டார் தேவையில்லை, மனிதர் மிதிக்கும்போது மட்டும் விழும்.

முடிவைத் தள்ளிப்போடவேண்டாம் என்று நிர்வாகத்தினரைக் கேட்டிருக்கிறேன். கேணி தோண்டுவதையும் கல் அடுக்குவதையும் நீர்மட்டம் ஆழத்தில் இருக்கும் ஆவணி, புரட்டாசிக்குள் முடித்துவிடவேண்டும். கூரைகளுக்கு மழைநீர்ப் பீலி போடுவது அதற்கும் முன்னால் நடக்கவேண்டும். கிளுவைத் தடிகளை முதல் மழையோடு ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். ஐப்பசியைத் தவறவிட்டால் கேணி அடுத்த மாரிவரை வெறுமையாகவே இருக்கும். துலா மிதிக்கத் தெரிந்த முதியவர்களிடமிருந்து இளம் ஊழியர்கள் கற்றுக்கொள்ளும் காலத்திலும் ஓராண்டு போய்விடும்.